பொம்மைக் காரும் கொஞ்சம் இயற்பியலும்

லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போனால் எனக்கு இரண்டு வேலைகள் நிச்சயம். ஒன்று முருங்கைக்கீரை ஆய்வது. இன்னொன்று "நீ பிஸிக்ஸ் தானே படிக்கிறே, இவளுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடேன்" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணை என் முன்னால் உட்கார வைப்பது. கோவில்பட்டியில் அக்கா வீடு. மே மாத வெயில். அன்றைக்குப் பதினோரு மணிக்கே கரண்ட் போய்விட்டது. ஃபேன் இல்லை, டிவி இல்லை. அக்கா மகன் (மூன்றாம் வகுப்பு, வயது எட்டு) வேறு வழியில்லாமல் தன் கார் டப்பாவைத் தரையில் கொட்டினான்.

பக்கத்து வீட்டுப் பெண் ஜூனில் பத்தாம் வகுப்பு. ஆனால் பத்தாவது பாடத்தை ஒன்பதாவது லீவிலேயே ஆரம்பித்துவிடுவது நம் ஊர் வழக்கம் ஆயிற்றே. அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள். புத்தகத்தை விரிக்காமலே கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். "இயங்கும் பொருளின் நிறை மற்றும் திசைவேகத்தின் பெருக்கற்பலன் உந்தம் ஆகும். இதன் அலகு கிலோகிராம் மீட்டர் பெர் செகண்ட்."

"சரி, அப்படின்னா என்ன?" என்றேன்.

மறுபடியும் அதே இரண்டு வரியை ஒப்பித்தாள். பிறகு, "எனக்கு சயின்ஸ் வராதுக்கா. பதினொண்ணுல காமர்ஸ் எடுக்கப் போறேன்" என்றாள். சோகமெல்லாம் இல்லை. எனக்குக் கத்திரிக்காய் பிடிக்காது என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

காமர்ஸ் எடுப்பதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் "வராது" என்ற அந்த வார்த்தை உறுத்தியது. காரணம், நானும் பத்தாவதில் இதே இரண்டு வரியைத்தான் ஒப்பித்தேன். முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். அதனால் எனக்கு "வரும்" என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். அவளுக்கும் எனக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

தரையில் முப்பது கார்கள் கிடந்தன. "அந்தப் புத்தகத்தை மூடி வை. இதை வைச்சுப் பார்க்கலாம்" என்றேன்.

*

உடைந்த கட்டிலின் பலகை ஒன்று மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. நாலடி நீளம். ஒரு முனையில் செங்கல் வைத்துத் தூக்கினால் சரிவு தயார். முதல் ஓட்டத்திலேயே ஒரு சிக்கல். பலகை தரையைத் தொடும் இடத்தில் காரின் மூக்கு இடித்து நின்றுவிட்டது. அக்கா மகன்தான் வழி சொன்னான். பழைய மாதக் காலண்டரின் வழவழப்பான தாளை அந்த இடத்தில் வளைத்து ஒட்டினோம். கார் வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்தது.

ஒரே மாதிரி இரண்டு கார்கள் எடுத்தோம். உள்ளங்கைக்குள் அடங்கும் உலோகக் கார்கள். அண்ணாச்சி கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் சுமார் 35 கிராம். பத்து ரூபாய் நாணயம் ஒன்று ஏழே முக்கால் கிராம் இருக்கும். நான்கு நாணயங்களை ஒரு கார் மேல் டேப் போட்டு ஒட்டினால் எடை ஏறக்குறைய இரட்டிப்பு.

"ரெண்டையும் ஒண்ணா விட்டா எது முதல்ல கீழே வரும்?"

"வெயிட்டா இருக்கிறதுதான் சித்தி!" - அக்கா மகன்.

பத்தாம் வகுப்பு கொஞ்சம் யோசித்தது. "வெயிட்டானதை நகர்த்துறது கஷ்டம். அதனால லேசானதுதான்."

இரண்டு பதிலும் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டுக்கும் காரணம் இருக்கிறதே. ஸ்கேலைக் குறுக்கே வைத்து இரண்டு காரையும் நிறுத்தி, சட்டென்று ஸ்கேலைத் தூக்கினோம். ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்ந்தன. பத்துத் தடவை விட்டோம். சில தடவை நாணயக் கார் ஒரு விரற்கடை முன்னால் வந்தது. ஒரு தடவை லேசான கார் அச்சு கோணிக்கொண்டு சுவரில் போய் முட்டியது. ஆனால் இரட்டிப்பு எடை என்பதற்காக இரட்டிப்பு வேகமெல்லாம் வரவில்லை.

இரண்டு பேர் சொன்ன காரணமும் பாதி பாதி சரி. கனமான காரை பூமி இரண்டு மடங்கு இழுக்கிறது. ஆனால் அதை நகர்த்துவதும் இரண்டு மடங்கு கஷ்டம். ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுகிறது. (அந்த ஒரு விரற்கடை வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் சக்கரங்கள்தான் காரணம். சக்கரம் சுழலவும் கொஞ்சம் ஆற்றல் வேண்டும். லேசான காரில் அந்தச் செலவு விகிதத்தில் அதிகம்.)

கலிலியோவும் இதைத்தான் செய்தார். மேலிருந்து போட்டால் பொருள் விழும் வேகத்தை அந்தக் காலத்துக் கடிகாரத்தால் அளக்க முடியாது. அதனால் மரப்பலகையில் பள்ளம் செதுக்கி, வழவழப்பாக்கி, வெண்கலக் குண்டை உருட்டிவிட்டார். நேரத்தை அளக்க ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஒழுகும் தண்ணீரைப் பிடித்து எடை போட்டார். இரண்டு மடங்கு நேரத்தில் குண்டு நான்கு மடங்கு தூரம் போகிறது என்று கண்டார். 1638-இல் லெய்டன் நகரில் அச்சான அவருடைய கடைசிப் புத்தகத்தில் இது இருக்கிறது. நூறு தடவை திரும்பத் திரும்பச் செய்ததாக எழுதியிருக்கிறார். நாங்கள் பத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

அடுத்து, கீழே ஒரு காலித் தீப்பெட்டியை வழியில் வைத்தோம். இரண்டு காரும் ஒரே வேகத்தில்தான் வருகின்றன. ஆனால் லேசான கார் தீப்பெட்டியைக் கொஞ்சம் தள்ளியது. நாணயக் கார் அதை வாசற்படி வரை கொண்டுபோனது. பிறகு நாணயத்தை எடுத்துவிட்டு, செங்கல்லை ஒன்றிலிருந்து நான்காக்கினோம். அதே லேசான கார் இப்போது அதை வாசல் வரை அடித்தது.

"ஆக, அடி ரெண்டு விதமா கூடுது" என்றாள் பத்தாம் வகுப்பு மெதுவாக. "எடை கூடினாலும் கூடுது. வேகம் கூடினாலும் கூடுது." கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்குத்தான் ரெண்டையும் பெருக்குறாங்களா?"

நான் எதுவும் சொல்லவில்லை. உள்ளுக்குள் ஒரு குத்தாட்டம் போட்டேன் :-)

*

அக்கா மகனுக்கு வேறு சந்தேகம். "காரைத் தள்ளிவிட்டா கொஞ்ச தூரம் போய் ஏன் நிக்குது? உள்ளே இருந்த தள்ளு தீர்ந்துடுதா?"

இது சின்னப் பையன் கேள்வி என்று நினைக்கவேண்டாம். அரிஸ்டாட்டில் தொடங்கி கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷம் பெரிய பெரிய ஆட்களும் இப்படித்தான் நினைத்தார்கள். ஓடுகிற பொருளுக்கு ஏதாவது ஒன்று தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும், தள்ளல் தீர்ந்தால் நின்றுவிடும் என்று. நம்மில் பல பேர் பரீட்சையில் நியூட்டனை எழுதிவிட்டு, மனசுக்குள் இன்னமும் அரிஸ்டாட்டிலைத்தான் வைத்திருக்கிறோம்.

அவனுக்குப் பதில் சொல்லாமல் ஒரே சரிவிலிருந்து மூன்று தரையில் விட்டோம். முதலில் சாக்கு. அடுத்து ஜமக்காளம். கடைசியாக அக்கா வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரை. சாக்கில் ஒன்றரைச் சாண். ஜமக்காளத்தில் அதைவிட அதிகம். சிமெண்டில் ஹாலைத் தாண்டி, அடுப்படியில் அக்கா காலில் போய் முட்டியது.

"காருக்குள்ள இருந்த தள்ளு மூணு தடவையும் ஒண்ணுதானே? அப்ப ஏன் வேற வேற இடத்துல நின்னுச்சு?"

"தரைதான் பிடிச்சு நிறுத்துது சித்தி."

"தரை பிடிக்கவே இல்லைன்னா?"

கண்ணை மேலே உருட்டி யோசித்தான். "நிக்கவே நிக்காது. போய்க்கிட்டே இருக்கும்." சொல்லிவிட்டு அவனே பயந்துவிட்டான். "அய்யோ, எங்கே போகும்?"

நிலைமம் என்ற சொல்லை அன்றைக்கு நான் அவனிடம் சொல்லவே இல்லை. சொல் பின்னால் வரட்டும்.

*

இப்போது நான் சறுக்கிய கதை.

மாலையில் கரண்ட் வந்த பிறகும் இருவரும் எழுந்து போகவில்லை. எதிரெதிரே இரண்டு சரிவு வைத்து கார்களை மோதவிட்டோம். கார்களின் மூக்கில் களிமண் உருண்டை, மோதியதும் ஒட்டிக்கொள்வதற்காக. ஒரே எடை, ஒரே உயரம். டப். இரண்டும் நடுவில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றன.

பத்தாம் வகுப்பு புருவத்தைச் சுருக்கியது. "அக்கா, உந்த அழிவின்மை விதின்னு புத்தகத்துல இருக்கு. மோதலுக்கு முன்னாடியும் பின்னாடியும் மொத்த உந்தம் மாறாதாம். ரெண்டு காருக்கும் உந்தம் இருந்துச்சு. இப்ப ரெண்டும் நிக்குது. உந்தம் எங்க போச்சு?"

நான் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "டப்புன்னு சத்தம் கேட்டுச்சுல்ல? அந்தச் சத்தமாவும் சூடாவும் மாறிடுச்சு."

"அப்போ அது அழிஞ்சுதானே போச்சு?"

"இல்லை, மாறிடுச்சு."

அவள் தலையாட்டினாள். ஆசிரியர் சொன்னால் ஆட்டுகிற அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். நானும் பன்னிரண்டு வருஷம் ஆட்டியிருக்கிறேன்.

இரவு மொட்டை மாடியில் படுத்திருக்கும்போது பளிச்சென்று உறைத்தது. நான் சொன்னது தப்பு. சத்தமாகவும் சூடாகவும் மாறியது ஆற்றல். உந்தம் அப்படி மாறவே மாறாது. பி.எஸ்ஸி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவி, பத்தாம் வகுப்புக் கேள்விக்குத் தவறான பதிலைத் தன்னம்பிக்கையோடு சொல்லியிருக்கிறேன். கேள்வி சரியாக இருந்தது. பதில்தான் தப்பு. ஆனால் அவள் வீட்டுக்குப் போகும்போது தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு போயிருப்பாள். இப்படித்தானே "எனக்கு வராது" உருவாகிறது?

காலையில் அவள் வந்ததும் முதல் வேலையாகச் சொன்னேன். "நேத்து நான் சொன்னது தப்பு. உன் கேள்விதான் சரி." அவள் ஒரு மாதிரி பார்த்தாள். சொல்லிக்கொடுக்கிறவர்கள் இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை போல.

பிறகு கணக்கு நோட்டில் எழுதினோம். கிழக்கே போகும் காருக்குக் கூட்டல் 5 என்று வைத்துக்கொள். மேற்கே போகும் காருக்கு? கழித்தல் 5. இரண்டையும் கூட்டினால்? பூஜ்யம். மோதிய பிறகு நின்றுவிட்டது, அதுவும் பூஜ்யம். அழிந்து போக அங்கே எதுவும் இல்லை. மொத்தம் ஆரம்பத்திலிருந்தே பூஜ்யம்தான்!

"கையில அஞ்சு ரூபாய் இருக்கு, அண்ணாச்சி கடையில அஞ்சு ரூபாய் பாக்கி இருக்கு. அது மாதிரியாக்கா?"

அதே மாதிரிதான். காமர்ஸ் எடுக்கப் போகிற பெண் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்த இடத்தில் சறுக்கியவர்களில் நான் முதல் ஆள் இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல். பிரெஞ்சு தத்துவவாதி தெகார்த் 1644-இல் எழுதிய நூலில், உலகத்தில் உள்ள இயக்கத்தின் மொத்த அளவு மாறாது என்றார். அருமையான யோசனை. ஆனால் எண்ணும்போது வேகத்தை மட்டும் எண்ணினார், திசையை விட்டுவிட்டார். அதனால் மோதலுக்கு அவர் சொன்ன விதிகள் பெரும்பாலும் தப்பாகிப் போயின. 1668-இல் லண்டன் ராயல் சொசைட்டி இந்த மோதல் பிரச்சினையை எடுத்துக்கொண்டு அறிஞர்களைக் கேட்டது. வாலிஸ், ரென், ஹைகன்ஸ் மூவரும் பதில் அனுப்பினார்கள். திசைக்கு ஏற்ப கூட்டல் கழித்தல் போட்டால்தான் கணக்கு நிற்கும் என்பது அதில் தெளிவானது. 1687-இல் நியூட்டன் தன் பிரின்சிபியாவில் இதை விதியாகவே வைத்தார். திசைவேகம் என்ற சொல்லில் "திசை" ஏன் முன்னால் நிற்கிறது என்பது, உண்மையைச் சொன்னால், எனக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது.

சரிபார்க்க இன்னொரு சோதனை. ஒரு கார் நிற்க, இன்னொன்று வந்து மோதி ஒட்டிக்கொண்டது. இரண்டும் சேர்ந்து மெதுவாக நகர்ந்தன. மொபைலில் ஸ்லோமோஷன் எடுத்து, ஸ்கேலின் கோடுகளை எண்ணிப் பார்த்தால் பழைய வேகத்தில் ஏறக்குறைய பாதி. எடை இரட்டிப்பு, வேகம் பாதி, பெருக்கினால் அதே. அவள் தானே நோட்டில் எழுதி அடியில் இரட்டைக் கோடு போட்டாள்.

"இதுதான் கேரமும்!" என்று அக்கா மகன் கத்தினான். உண்மைதான். ஆனால் கேரமில் ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம், காய் ஐந்து, ஐந்தரை கிராம்தான். அதனால் நேராக அடித்தாலும் ஸ்ட்ரைக்கர் நிற்காமல் காயைத் தொடர்ந்து போய்க் குழியில் விழுந்து ஃபைன் வாங்கிக் கொடுக்கிறது. ஒரே அளவு கோலிக்குண்டாக இருந்தால் அடித்தது அங்கேயே நிற்க, அடிபட்டது ஓடும். தெருவில் விளையாடுகிற பிள்ளைகளுக்குப் பாதி இயந்திரவியல் ஏற்கனவே தெரியும். அது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. பின்னால் இழுத்து விட்டால் ஓடும் ஸ்பிரிங் கார் ஒன்று இருந்தது. நான்கைந்து கோலிக்குண்டுகளின் மேல் பரீட்சை அட்டையை வைத்து, அதன் மேல் அந்தக் காரை விட்டோம். கார் முன்னால் பாய்ந்தது, அட்டை பின்னால் ஓடியது! தரையில் விடும்போதும் இதேதான் நடக்கிறது. ஆனால் அங்கே பின்னால் தள்ளப்படுவது பூமி. அது ரொம்பக் கனம் என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

*

மூன்றாம் நாள்தான் விஷயம் பொம்மையைத் தாண்டியது.

ஓப்பன் லாரி பொம்மையின் மேல் களிமண்ணில் ஒரு ஆளைச் செய்து உட்கார வைத்தோம். அவனுக்குக் குண்டன் என்று பெயரும் வைத்தாயிற்று. சரிவின் கீழே ஒரு செங்கல்லை நிறுத்தி லாரியை விட்டோம். லாரி செங்கல்லில் மோதி நின்றது. குண்டன் நிற்கவில்லை. செங்கல்லைத் தாண்டிப் பறந்து, தலைகுப்புற விழுந்து, மூக்கு தட்டையாகிவிட்டது.

பத்தாம் வகுப்பு சிரித்தது. அக்கா மகன் சிரிக்கவில்லை.

"சித்தி, அன்னிக்கு நானும் இப்படித்தான் போனேன்."

அவன் மேலுதட்டில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் அத்தான் அவனை பைக்கில் முன்னால், பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்துக்கொண்டு போயிருக்கிறார். ஆடு குறுக்கே வந்தது. பிரேக் போட்டார். பைக் நின்றது, இவன் நிற்கவில்லை. ஸ்பீடாமீட்டரில் வாய் இடித்து இரண்டு தையல். அக்கா அதை போனில் "ஒண்ணுமில்லை, சின்ன அடிதான்" என்று சொல்லியிருந்தாள். நானும் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன்.

பைக் நிற்கும்போது அத்தான் கையால் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தார். அவனை எது பிடித்திருந்தது? தரை பிடிக்காத காரைப் போல அவன் போய்க்கொண்டே இருந்தான். முதல் நாள் அவனே சொன்ன பதில்தான்.

அன்று முழுக்க அவன் குண்டனை விடவே இல்லை. முதலில் தையல் நூலால் லாரியோடு கட்டினான். மோதியபோது குண்டன் பறக்கவில்லை. ஆனால் நூல் அவன் இடுப்பைக் கத்தி போல அறுத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் தன் ஜடை ரிப்பனில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். ரிப்பனால் கட்டியபோது இடுப்பில் லேசான பள்ளம் மட்டும். அதே விசை, அகலமான இடத்தில் பரவியதால் அழுத்தம் குறைந்துவிட்டது. காரின் சீட் பெல்ட் ஏன் பட்டையாக இருக்கிறது என்று நான் சொல்லவே தேவையிருக்கவில்லை. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் இன்றைய பெல்ட்டை 1959-இல் வால்வோ நிறுவனத்துக்காக நில்ஸ் போலின் என்ற பொறியாளர் வடிவமைத்தார். அந்த நிறுவனம் காப்புரிமையை மற்றவர்களும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது.

பிறகு செங்கல்லுக்கு முன்னால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வைத்தோம். கட்டாமலேயே குண்டன் லாரியில் சாய்ந்து மட்டும் கிடந்தான். போகவேண்டிய உந்தம் இரண்டு தடவையும் ஒன்றுதான். செங்கல்லில் அது ஒரு நொடிப்பொழுதில் போயாகவேண்டும், அதனால் விசை பெரிது. ஸ்பாஞ்சு நேரத்தை நீட்டிவிடுகிறது, அதனால் விசை சிறிது. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் செய்வதும் இந்த வேலைதான். தான் நசுங்கி, மண்டைக்குச் சில மில்லி செகண்டுகள் கூடுதலாக வாங்கிக் கொடுக்கிறது. அக்கா மகன் பாதிக் கடலைத் தோட்டுக்குள் ஸ்பாஞ்சு அடைத்து குண்டனுக்கு ஹெல்மெட் செய்தான்.

பத்தாம் வகுப்புக்கு வேறொன்று பிடித்துப் போயிற்று. சாக்கின் மேல் விட்ட காரை அளந்தாள். ஒரு செங்கல் உயரத்துக்கு ஒன்றரைச் சாண். இரண்டு செங்கல்லுக்கு மூன்று. நான்கு செங்கல்லுக்கு ஏறக்குறைய ஆறு. நான்கு மடங்கு உயரத்தில் வேகம் இரண்டு மடங்குதான் ஆகும். ஆனால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு! ஸ்லோமோஷனில் நிற்கும் நேரத்தைப் பார்த்தால் அது இரண்டு மடங்குதான். நேரத்தைச் சொல்வது உந்தம். தூரத்தைச் சொல்வது ஆற்றல். இதில் எது இயக்கத்தின் "உண்மையான" அளவு என்று 1686-இல் லைப்னிட்ஸ் கிளப்பிய சண்டை பல பத்தாண்டுகள் நடந்தது. கோவில்பட்டியில் ஒரு சாக்கின் மேல் இரண்டும் சேர்ந்தே கிடந்தன. முப்பதில் போகும் பைக்கும் அறுபதில் போகும் பைக்கும் ஒரே மாதிரி பிரேக் போட்டால், அறுபதுக்கு நான்கு மடங்கு தூரம் வேண்டும். ஆடு அவ்வளவு தள்ளி நிற்காது.

*

ராத்திரி அத்தான் சாப்பிட்டு முடித்ததும் மகன் லாரியைக் கொண்டுவந்து செய்து காட்டினான். அத்தான் ரசித்துப் பார்த்தார். "நல்லாத்தான்டா இருக்கு" என்றார்.

"அப்பா, இனிமே நான் டேங்க்ல உக்கார மாட்டேன்."

"தெருமுனைக் கடைக்குத்தானேடா போறோம்?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "அத்தான், நாலு வயசுக்கு மேல எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம்னு 2019-லயே சட்டம் வந்தாச்சு. அதுக்குக் கீழே உள்ள குழந்தைன்னா பெல்ட் மாட்டி, நாப்பதுக்கு மேல போகக்கூடாதுன்னு 2022-ல விதியும் போட்டுட்டாங்க" என்றேன்.

"சட்டம் ஆயிரம் இருக்கும்மா. நான் நாப்பதைத் தாண்டுறதே இல்லை" என்றார். குரலில் கொஞ்சம் வருத்தம். பிள்ளை மேல் பாசம் இல்லாதவரா என்ன? அந்தத் தையல் போட்ட அன்று ஆஸ்பத்திரியில் அழுதது அவர்தான் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். "ஏட்டி, விடேன்" என்று அக்கா கண்ணைக் காட்டினாள்.

அப்போது பக்கத்து வீட்டுப் பெண் நோட்டை நீட்டினாள். அவள் பாட்டுக்கு ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 11.1 மீட்டர். மேலிருந்து விழும் பொருள் அந்த வேகத்தை எட்ட எவ்வளவு உயரம் வேண்டும்? வேகத்தின் வர்க்கத்தை 19.6-ஆல் வகுத்தால் 6.3 மீட்டர். ஏறக்குறைய இருபது அடி.

"மாமா, இருபது அடின்னா உங்க வீட்டு மொட்டை மாடி."

யாரும் பேசவில்லை. காரணம், அந்த வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது கேட்கிற சத்தம், "டேய், மொட்டை மாடிச் சுவர்ல எட்டிப் பாக்காதே!" என்பதுதான். பெரும்பாலும் கத்துவது அத்தான்.

அவர் நோட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இது நீ போட்ட கணக்கா?" என்று அவளிடம் கேட்டார். அவள் ஆமாம் என்றாள். கை கழுவ எழுந்து போய்விட்டார்.

நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு அத்தானே பைக்கில் கொண்டுவந்து விட்டார். மகன் வழியனுப்ப வாசலில் நின்றான். தலையில் நீல நிற ஹெல்மெட், அளவு கொஞ்சம் பெரிது, ஆடியது. வாடையை நான்தான் இறுக்கிக் கட்டினேன். பைக்கில் அன்றைக்கு அவனுக்கு இடம்கூட இல்லை, இருந்தாலும் கழற்ற மாட்டேன் என்று நின்றான்.

பத்தாம் வகுப்பு இன்னமும் காமர்ஸ்தான் எடுக்கப் போகிறாள். சந்தோஷமாக எடுக்கட்டும். ஆனால் போன வாரம் போன் செய்து, "அக்கா, பந்தைச் சுவத்துல எறிஞ்சா அதே வேகத்துல திரும்பி வருதே, அப்ப சுவருக்கு வர்ற உந்தம் இரட்டிப்பா?" என்று கேட்டாள். இரட்டிப்புதான். அவளே கண்டுபிடித்துவிட்டு, நான் இந்தத் தடவையாவது சரியாகச் சொல்கிறேனா என்று பார்ப்பதற்காகக் கேட்டாளோ என்று ஒரு சந்தேகம் :-)

*

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

1. காரை விடும் முன் பிள்ளைகளிடம் "என்ன ஆகும்?" என்று கேளுங்கள். பதிலைச் சொல்ல வைத்த பிறகுதான் விடவேண்டும். தப்பாகச் சொன்னாலும் திருத்தாதீர்கள், கார் திருத்தும்.

2. காரைக் கையால் தள்ளிவிடாதீர்கள். கை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி தள்ளும். சரிவிலிருந்து விட்டால்தான் ஒப்பிட முடியும்.

3. அச்சு கோணிய காரை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அச்சில் சுற்றிக் கிடக்கும் தலைமுடியை ஊசியால் எடுத்துவிட்டால் பாதிக் கார்கள் பிழைத்துக்கொள்ளும்.

4. ஒரு தடவை விட்டு முடிவு சொல்லாதீர்கள். ஐந்து தடவையாவது விடுங்கள்.

5. தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். தப்பாகச் சொல்லியிருந்தால் மறுநாளாவது சொல்லிவிடுங்கள்.

ஐந்தாவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.